நேரக் கணக்கு

பீல் நகரத்துச் சமூகசேவை அலுவலகம்,
மூன்றாம் மாடி, ஏழாம் இலக்க அறை.
யன்னலுக்கு வெளியே ஏரி இருக்கிறதென்று
நவம்பரில் நம்பித்தான் ஆகவேண்டும்.
புகார் மூடிவிட்டால்
பஸ் தரிப்பிடம்கூட ஒரு விசுவாசம்தான்.

லெத்தெப்ரான் எரித்திரியாக்காரி.
புதனும் வெள்ளியும் பின்னேரம் மூன்று மணிவரை
பச்சைத் தண்ணீரும் பல்லில் படாது.
அதை அறியாமல் முதல் ஆறு மாதம்
புதன் பதினொரு மணிக்கே கூப்பிட்டு,
கோப்பி நீட்டி, அவள் மறுக்க,
"சோர்வாகக் காணப்படுகிறார்.
ஒத்துழைப்புக் குறைவு"
என்று கோப்பில் எழுதியவள் நான்.
புரட்டாசிச் சனியும் கந்தசஷ்டியும்
நாள் எண்ணிப் பிடித்த வீட்டுப் பிள்ளை.
பசியை முகத்தில் வாசிக்கத் தெரியாமல்
பட்டம் வாங்கியிருக்கிறேன்.

மாதம் இருபது பிராங்க் தேவாலயத்துக்கு.
ரசீது இல்லை.
மேலாளர் ஷ்டுக்கி பென்சிலால் வட்டம் போட்டார்.
மின்சாரம், காப்புறுதி, பஸ் அட்டை,
எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருந்தது.
இதற்கு இல்லை.
"தொலைபேசிச் செலவு" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
வட்டத்தை அழிக்கவும் இல்லை.

எனக்கும் கடவுளுக்கும் கதைபேச்சு இல்லை.
டயர் கடைக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் இருக்கிற கோயிலில்
அம்மா வடம் பிடிக்கும் நாளில்
காருக்குள் இருந்து மின்னஞ்சல் எழுதுவேன்.
படிப்பில் சொல்லித்தந்தார்கள்:
உன் நம்பிக்கையை வாசலில் கழற்றி வை.
எனக்குச் சுலபம், கழற்ற ஒன்றும் இல்லை.
வருகிறவர்கள் எங்கே கழற்றுவதென்று
அந்தப் பாடத்தில் இல்லை.

இந்தப் புதன் பேர்னிலிருந்து கடிதம்.
அவசரமாகக் கூப்பிட்டேன், மறுபடியும் பதினொரு மணிக்கு.
மகன் யோனாஸ், வயது பதினாறு, அடிஸ் அபாபாவில்,
குடும்ப இணைவு மனு.
பிரதி காலையிலேயே என் மேசைக்கு வந்துவிட்டது.
முதல் பக்கம் முழுக்க மரியாதை.
இரண்டாம் பக்கத்தில் நிராகரிப்பு.

உறையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"பிரிக்க முதல் செபம்" என்றாள்,
"நாங்கள்" என்று தொடங்கி,
இருவருக்கும் இரவலான ஜெர்மன் மொழியில்.
அதில் நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல்.
என்னைச் சேர்த்தாளா, விட்டாளா?
கேட்க இலக்கணம் இல்லை.

எழுந்து, வெள்ளைச் சால்வையைத் தலையில் போட்டாள்.
நானும் எழுந்தேன்.
நாற்காலிச் சில்லு உருண்டுபோய் அலுமாரியில் இடித்தது.
முடிந்துபோன ஒன்றுக்காக ஒருத்தி மன்றாடுகிறாள்,
முடிவு என் லாச்சிக்குள் கிடக்கிறது.

கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை.
பிறகு வந்தது:
மேன்முறையீடு முப்பது நாள்.
இலவசச் சட்ட ஆலோசனை, வியாழன், இரண்டிலிருந்து நாலு.
பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு.
மரபணுச் சோதனை, யார் காசு?
முப்பது நாள். வியாழன். சான்றிதழ். யார் காசு.
இரண்டாம் தரம் சொல்லும்போது
அதற்கொரு தாளம் வந்துவிட்டது.

அவள் முணுமுணுப்பில் இரண்டே சொல் பிடிபட்டன.
யோனாஸ்.
கொஞ்சம் தள்ளி, குமுதரஞ்சனி.
அலுவலகத்தில் "குமு" என்று நறுக்கிய பெயர்.
ஓர் எழுத்தும் சிந்தாமல் சொன்னாள்.

கடிதத்தைப் பிரித்தேன். வாசித்தேன்.
இரண்டாம் பக்கத்தில் கையை உயர்த்தி நிறுத்தினாள்.
"உனக்கு முதலே தெரியுமா?"
"தெரியும்."
"தெரிந்துமா நின்றாய்?"

அது கோபமா, வேறேதுமா,
இப்போதும் எனக்குத் தெரியாது.
சால்வையை மடித்தாள், நாலாக, எட்டாக.

அவள் போனபிறகு நேரக் கணக்கு.
ஆலோசனை, இருபத்தைந்து நிமிடம்.
ஆவணம் விளக்கல், பதினாறு.
மிச்சம் நாலு.
குறியீடு இல்லாமல் கணினி என்னை வெளியே விடாது.
"தொலைபேசி" என்று அழுத்தினேன்.

பேனையைத் தேடி, நாளை வியாழன் என்று
கையிலேயே எழுதிக்கொண்டேன்.